ஐஸில் போட்ட உப்பு

என் தங்கையின் மகள் கொழும்பிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவரச் சொன்னபோது நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையைத்தான் முதலில் எழுத வேண்டும். பிறகு நடந்ததெல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

நான் பேசாலையில் மீன் லொறி ஓட்டுகிறவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கி, லொறியில் காத்திருக்கும் நேரங்களில் பழைய பேப்பர்களை வாசித்தே கொஞ்சம் தேறினேன். இங்கிலீசு தெரியாது. சிங்களம் சந்தையில் பேசுகிற அளவுக்கு வரும். தெரியாத ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். லொறி ஓட்டுகிறவனுக்கு அது பெரிய குறையில்லை. வண்டிக்குள் ஒருவரும் இல்லை, கொழும்பில் பெட்டிகளை இறக்கிவிட்டால் அவற்றுக்கு என்னோடு பேச ஒன்றும் இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஐஸ் அடுக்குவதில். அறக்குளா, பாரை, சிங்க இறால் எல்லாவற்றுக்கும் வேறு வேறு அடுக்கு இருக்கிறது. நல்ல சரக்கு என்றால் தூள் ஐஸோடு கல்லுப்பை ஒரு கை வீசிக் கலந்துவிடுவேன். வெறும் ஐஸில் கிடக்கிற மீன் குளிர்ந்துதான் இருக்கும். உப்புச் சேர்ந்த ஐஸில் கிடக்கிற மீன் விறைத்துக் கட்டையாகும். தூரப் பயணத்துக்கு அதுதான் பாதுகாப்பு. கரையில் நிற்கிற மற்றச் சாரதிகள் இதைச் சொல்லி என்னைப் பகிடி பண்ணுவார்கள்.

“இவன் ஏத்தின அறக்குளா கொழும்பு பேலியகொடைச் சந்தையில தானே இறங்கிப் போய், இண்டைக்கு என்ன விலை எண்டு கேக்குமடா.”

நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும்.

தங்கையின் மகள் யாழ்ப்பாணக் கம்பஸில் ஆராய்ச்சி செய்கிறவள். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு படித்தது அவள் மட்டும்தான். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். தங்கை மீன் உலர்த்தி அவளைப் படிக்க வைத்தாள். அவள் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றியது. மன்னாருக்குப் போகிற பாலத்து வீதியின் இரண்டு பக்கமும் கடல் கணுக்கால் அளவுக்குத்தான் நிற்கும். கோடையில் அந்தத் தண்ணீரில் கால் வைத்தால் சுடும். மற்ற மீன்கள் விலகிப்போகும், அல்லது செத்து ஒதுங்கும். திரளிக் குஞ்சுகள் மட்டும் அதற்குள் ஓடித் திரியும். அவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன என்பதுதான் அவளுடைய கேள்வி. அந்தக் குஞ்சுகளை அவளுக்கு வீச்சு வலையால் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். நல்ல வெயில் எரிக்கிற இரண்டு கிழமைகளுக்குள் பிடிக்க வேண்டும் என்றாள். பிடித்தோம். அவள் அங்கேயே கரையில் குந்தியிருந்து சின்னக் கத்தியால் தசையை வெட்டிக் குப்பிகளில் போட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கப்படுத்தினாள்.

“மாமா, படகில இருந்து லொறிக்குக் கூடை ஏத்தேக்க வரிசையா நிண்டு கை மாத்துவியள் எல்லோ?”

“ஓம்.”

“அதே மாதிரித்தான். உடம்பில ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் இழைமணி எண்டு சின்னச் சின்னப் பை இருக்கு. அதுக்குள்ள புரதங்கள் வரிசையா நிண்டு கை மாத்துதுகள். சுவாசச் சங்கிலி எண்டு சொல்லுறது. கடைசியா நிக்கிறவர்தான் நாங்கள் இழுக்கிற மூச்சை வாங்கிறவர். அவர் நிக்காட்டி முழு வரிசையும் நிண்டிடும்.”

“அப்ப இந்த மீனுக்குள்ள அவர் ஒருத்தரில்லாமக் கனபேரா நிக்கிறாரோ?”

“அதைத்தானே பார்க்கவேணும்! எல்லாரும் உங்களை மாதிரி உடன கேள்வியைப் பிடிச்சா நல்லம்.”

ஐந்தாம் வகுப்புக்காரனுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அன்று முழுக்க அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டு வலை வீசினேன்.

அந்தக் கடைசி ஆளைக் கண்ணால் காண முடியாதாம். அவரைக் கண்டுபிடிக்க ஒரு பொருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பிறபொருளெதிரி என்று அதற்குப் பெயர். ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கிற இடத்தில் விட்டால் அது போய் அந்த ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடத்தில் வெளிச்சம் தெரியும். வெளிச்சம் கூடினால் ஆட்களும் அதிகம்.

“மருந்து மாதிரியோ?” என்று கேட்டேன்.

“மருந்தில்லை மாமா. குடிச்சா தடிமன் காய்ச்சல்கூட மாறாது.”

ஆனாலும் நான் மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டேன். மாதக்கணக்காக அதற்காகக் காத்திருந்தாள். மற்றச் சோதனைகளெல்லாம் முடிந்து இது ஒன்றுதான் மிச்சம். வருட முடிவுக்குள் முடித்துக் கொடுத்தால் வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் மேலே படிக்க இடம் வைத்திருந்தார்கள். முடிக்காவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போகும். இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பெட்டி கொழும்பில் ஒரு ஏஜென்சிக்கு வந்து சேர்ந்தபோது மூன்று நாள் விடுமுறை தொடங்க இருந்தது. அவர்களுடைய வண்டி விடுமுறை முடிந்துதான் வடக்குக்கு வரும். அதுவரை பெட்டிக்குள் குளிர் நிற்காது. அவள் எனக்கு போன் எடுத்தாள்.

“மாமா, நாளைக்குக் கொழும்பில தானே நிப்பியள்? எடுத்துக்கொண்டு வரேலுமோ? ஐஸில உங்களை விட ஆருக்குத் தெரியும்? பெட்டியத் திறக்க வேண்டாம். அப்பிடியே உங்கட ஐஸ் பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டு வாங்கோ. நான் மன்னார் பஸ் நிலையத்தில வந்து வாங்கிறன்.”

“நீ ஒண்டுக்கும் யோசியாத பிள்ளை,” என்றேன்.

சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு, காலையில் ஏஜென்சிக்குப் போனேன். முகம் கழுவி, சட்டை மாற்றித்தான் போனேன். ஆனால் மீன் மணம் சட்டையோடு போவதில்லை. உள்ளே குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு ஓரடி தள்ளி நின்றாள். எனக்குக் காது சுட்டது. என் முறை வந்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை ஒரு கடதாசியை நீட்டி, வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கும்படி சிங்களத்தில் சொன்னாள். முழுவதும் இங்கிலீசு. நடுவில் சிவப்பு எழுத்தில் இரண்டு வரி. அதற்குப் பக்கத்தில் ஒரு படம்: ஆறு கை உள்ள பனிப்பூ, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு.

“வாசிச்சீங்களா?” என்று கேட்டாள்.

தலையை ஆட்டினேன். கையெழுத்து வைத்தேன். அந்தப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எனக்குப் பின்னால் வரிசை நின்றது, என்னில் மீன் மணத்தது. குளிருக்கு ஏதோ ஆபத்து இருக்கிறது, குளிரை விடாதே என்று சொல்கிற படமாக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டு வெளியே வந்தேன்.

வெள்ளை நுரைப் பலகையில் செய்த சின்ன றெஜிபோம் பெட்டி. ஒரு சோற்றுப் பார்சலை விடக் கொஞ்சம் பெரியது. லொறியில் எனக்கு எப்போதும் இருக்கிற ஐஸ் பெட்டிக்குள், மிச்ச ஐஸின் மேல் வைத்து மூடினேன்.

பாலாவிச் சந்திக்கு வருகிறபோது லொறி சூடேறி நின்றது. பெல்ட் அறுந்திருந்தது. நல்லகாலமாக எனக்குத் தெரிந்த கராஜ் பக்கத்திலேயே இருந்தது. அந்த மெக்கானிக் எங்கள் மன்னார்த் தீவிலிருந்து இடம்பெயர்ந்து போய் அங்கேயே தங்கிவிட்ட முஸ்லிம் ஆள். என்னைக் கண்டால் மன்னார்க் கதை கேட்காமல் விடமாட்டார். பெல்ட் வாங்கப் புத்தளத்துக்கு ஆள் அனுப்பிவிட்டு நாங்கள் நிழலில் இருந்தோம். உச்சி வெயில். நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பிப் போய் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

“என்ன மச்சான், மீனில்லாத பெட்டியை இப்பிடி எட்டி எட்டிப் பார்க்கிற? உள்ளுக்குப் பொம்பிளைப் பிள்ளை நித்திரையோ?”

“மருமகளின்ர மருந்து. படிப்புக்கு.”

“படிப்புக்கு மருந்தா? அப்ப அந்தக் காலம் உனக்கொரு போத்தல் குடுத்திருக்கலாமே!”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் மனம் பெட்டியில் நின்றது. ஐஸ் கரைந்து தண்ணீராகிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை போனபோது றெஜிபோம் பெட்டியின் டேப்பை உரித்தேன். திறக்க வேண்டாம் என்று அவள் சொன்னது ஞாபகம் இருந்தது. பிள்ளைக்கு பாலாவி வெயில் தெரியாது என்று நினைத்தேன். உள்ளே நீல நிறக் குளிர்ப் பைகள் இரண்டு இருந்தன. அமத்திப் பார்த்தால் களி மாதிரி விரல் உள்ளே போனது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் என் சின்னி விரல் அளவுக் குப்பி. அடியில் கொஞ்சம் தண்ணீர் மாதிரி. இதற்குத்தானா இவ்வளவு என்று தோன்றியது.

எங்கள் தொழிலில் ஐஸ் இளகினால் சரக்குப் போச்சு. வேறு அர்த்தம் கிடையாது. பக்கத்துக் கடையில் ஐஸ் கட்டி வாங்கி உடைத்தேன். லொறிக்குள் எப்போதும் கல்லுப்பு இருக்கும். ஒரு கைக்கு இரண்டு கையாகப் போட்டுக் கலந்தேன். குப்பியை உறையோடு பொலித்தீனில் சுற்றி அதற்கு நடுவில் புதைத்தேன். நீலப் பைகளை ஒரு பக்கமாக வைத்தேன். சிங்க இறாலுக்குச் செய்கிற மாதிரி, அதைவிடக் கவனமாகச் செய்தேன்.

மடு வீதியில் நிறுத்தி எடுத்துப் பார்த்தபோது குப்பிக்குள் இருந்தது வெள்ளையாக, கல்லாகக் கிடந்தது. குலுக்கினேன், அசையவில்லை. எனக்கு வந்த திருப்தியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அதைத் துடைத்து, நீலப் பைகளுக்கு நடுவில் முன்பிருந்த மாதிரி வைத்து, மீன் பெட்டிகளுக்கு ஒட்டுகிற டேப்பால் ஒட்டினேன். அதே மாதிரியான டேப்தான், திறந்தது தெரியாது. திறக்க வேண்டாம் என்றதை ஏன் மீறினீர்கள் என்று அவள் கேட்டு நிற்பதை எதிர்கொள்ள எனக்குக் கூச்சம்.

பஸ் நிலையத்தில் யாழ்ப்பாண பஸ் புறப்படுகிற நேரம். அவள் பாய்ந்து வந்து பெட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“திறக்கேல்லத்தானே மாமா?”

“இல்லை.”

“நீங்கள் தெய்வம்!” என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

ஒரு சொல். பஸ் இரைந்துகொண்டிருந்தது. எதிரே கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான். இரண்டு வார்த்தை கூடச் சொல்ல நேரமிருக்கவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். நேரம் இருந்தது.

ஒரு மாதம் கழிந்து அவள் பேசாலைக்கு வந்தபோது மெலிந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து தங்கை வீட்டில் சாப்பிட்டோம். தங்கை நண்டுக் கறி வைத்திருந்தாள். மகள் நண்டுக் கோதைக்கூட உடைக்கவில்லை.

“என்னடி, கம்பஸில சோறு போடுறதில்லையோ?”

“வெளிச்சம் வருகுதில்லை அம்மா.”

“மின்சாரம் இல்லையோ?”

“ஐயோ அம்மா!” அவள் சிரித்தாள், பிறகு கண் கலங்கிவிட்டது. “என்ர சோதனையில. எல்லாம் வெறும் கறுப்பு. மீன் தசையிலயும் இல்லை. சரியா வேலை செய்யுதோ எண்டு பார்க்க எலித் தசையும் வைக்கிறனான். அதில கட்டாயம் தெரியவேணும். அதிலயும் இல்லை. நாலு தரம் செய்திட்டன். என்ர கையிலதான் ஏதோ பிழை.”

“பதறிப் பதறிச் செய்யிறாய். சின்னனிலயே நீ அப்பிடித்தான். தண்ணி அள்ளினாலும் பாதி நிலத்தில.”

“அந்தப் பிறபொருளெதிரியோட ஒரு நொதியை ஒட்டியிருக்கு. அதாலதான் வெளிச்சம் வாறது. ஒருக்கா உறைஞ்சாலே அது செத்துப்போகும். பெட்டியிலயும் போட்டிருக்கு, பனிப்பூவைக் கீறி. ஆனா உறைய வழியில்லை. ஐஸ் பெட்டிக்குள்ள ஐஸ் மட்டத்துக்குத்தான் குளிர் நிக்கும். அதோட மாமா திறக்கவும் இல்லை.”

என் கையில் சோறு இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோய் மென்று விழுங்கினேன். அந்தப் படம் கண்ணுக்குள் வந்து நின்றது. இப்போது சொல்லிவிடு என்று மனம் சொன்னது. தங்கை என் தட்டில் இன்னொரு நண்டு வைத்தாள். “அண்ணன், நீங்களாவது சாப்பிடுங்கோ,” என்றாள். சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் செய்த ஒவ்வொரு தடவைக்கும் நான் பிடித்துக்கொடுத்த மீனின் தசையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அடுத்த கோடைவரை வேறு பிடிக்க முடியாது. இதையும் தங்கை சொல்லித்தான் அறிந்தேன். ஏனென்றால் நான் மருமகளுக்குப் போன் எடுப்பதை நிறுத்திவிட்டேன். அவள் எடுத்தால் ஓடுகிறேன் பிள்ளை, பிறகு கதைக்கிறேன் என்பேன். லொறி நின்றுகொண்டிருக்கும்.

பிறகு ஒருநாள் கடிதத்தோடு வந்தாள். மருந்து செய்த கம்பெனிக்கு எழுதினாளாம். வழியில் குளிர் சரியாக இருந்தது என்று கொண்டுவந்த எல்லோரும் கையெழுத்து வைத்துக் கொடுத்தால், குப்பியிலேயே பிழை இருக்கிறதா என்று பார்த்து வேறு ஒன்று அனுப்புவார்களாம். கடிதத்தை எனக்குத் தமிழில் வாசித்தாள்.

“பெட்டி திறக்கப்படவில்லை. ஐஸ் பெட்டிக்குள் வைத்து அன்றைக்கே கொடுக்கப்பட்டது. சரிதானே மாமா?”

நடந்தது என் நாக்கு நுனிவரை வந்தது. உண்மையாகவே வந்தது. ஆனால் சொன்னால் புதுக் குப்பி வராது என்று நினைத்தேன். கையெழுத்து வைத்தால் வரும், வெளிச்சம் வரும், அவள் போவாள், எல்லாம் சரியாகிவிடும். என் பொய்யால் ஒருவருக்கும் நட்டமில்லை. அப்படித்தான் கணக்குப் போட்டேன். அதற்குள் என் முகத்தைக் காப்பாற்றுகிற ஆசையும் இருந்தது. அது எவ்வளவு, அவளுக்காக எவ்வளவு என்று இப்போதும் பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தேன். கையெழுத்து நன்றாக வந்தது.

கம்பெனியின் பதில் இரண்டு கிழமையில் வந்தது. இதோடு ஒரே தடவையில் செய்த மற்றக் குப்பிகள் வேறு இடங்களில் நன்றாக வேலை செய்கின்றன, வழியிலும் பிழையில்லை என்று நீங்களே உறுதி தந்திருக்கிறீர்கள், ஆகவே உங்கள் ஆய்வுகூடத்தில்தான் பிழை நடந்திருக்க வேண்டும். வேறு குப்பி இல்லை. இதை வைத்துக்கொண்டு பேராசிரியர் எல்லோருக்கும் முன்னால் அவளைக் கேட்டாராம், எந்த நாள் வெளியில் வைத்துவிட்டு மறந்துபோனாய், ஒத்துக்கொண்டால் என்ன என்று. அவள் இல்லை என்றாளாம். அவர் நம்பவில்லையாம்.

அடுத்த வளவில் இருக்கிற தங்கை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைச் சொன்னாள். “படிப்பை விட்டுட்டு வாறன் எண்டு அழுகிறாள் அண்ணன். செய்யாததைச் செய்தனெண்டு எப்பிடி ஒத்துக்கொள்ளுறது?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வைத்த கையெழுத்து என்னை மட்டும் காப்பாற்றியது. வழியில் பிழையில்லை என்றால் பிழை அவளுடைய கையில். நான்தான் அதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் லொறியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். தேவாலயத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். வெள்ளாங்குளம் தாண்டும்வரை எப்படித் தொடங்குவது என்று சொற்களை அடுக்கினேன். பூநகரிப் பாலத்தில் அவை எல்லாம் போய்விட்டன. கம்பஸ் வாசலில் காவல்காரர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டபோது அவளுடைய நம்பரை எடுத்தேன். போனைக் காட்டினேன். அவள் ஓடி வந்தாள்.

“என்ன மாமா? அம்மாவுக்கு ஏதும்…”

“அம்மா சுகம். பிள்ளை, நான் திறந்தனான்.”

அவளுக்கு விளங்கவில்லை.

“பெட்டிய. பாலாவியில. உப்பு ஐஸில வச்சனான். கல்லா விறைச்சது.”

வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சீமெந்து வாங்கு இருந்தது. அவள் அதில் இருந்தாள். நான் நின்றேன். மாணவர்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

“கேட்டனானே மாமா,” என்றாள். “பஸ் ஸ்டாண்டில கேட்டனான். கடிதத்தை வச்சும் கேட்டனான்.”

“ஓம்.”

“மூண்டு மாசம். நான் என்ர கையைத் திட்டினனான்.” இரண்டு கையையும் மடியில் விரித்துப் பார்த்தாள். “உறையக் கூடாதெண்டு நானும் சொல்லேல்ல. சொல்லியிருக்கவேணும். திறக்க வேண்டாமெண்டு சொன்னது காணுமெண்டு நினைச்சன்.”

அவள் தன் மேலும் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கத்தியிருந்தால் நின்று கேட்டிருப்பேன்.

பிறகு எழும்பி, “வாங்கோ. சேருக்குச் சொல்லுவம்,” என்றாள்.

பேராசிரியர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். எனக்குக் கதிரை காட்டினார். நான் இருக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். “நான் மாமா…” என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவள்தான் சொன்னாள்.

“சேர், மாமா மீன் லொறி ஓடுறவர். வழியில லொறி நிண்டு, சாமான் பழுதாப் போகுமெண்ட பயத்தில திறந்து உப்பு ஐஸில வச்சிருக்கிறார். உறையக் கூடாதெண்டு அவருக்குத் தெரியாது. இப்பதான் விஷயம் கேள்விப்பட்டு உடன வெளிக்கிட்டு வந்தவர்.”

இப்பதான். உடன. நான் இரண்டு தடவை பொய் சொன்னதை அவள் சொல்லவில்லை. இரண்டு மாதமாகத் தெரிந்துகொண்டு சாப்பிட்டதைச் சொல்லவில்லை. அது அவளுக்கு முழுதாகத் தெரியவும் தெரியாது. நான் திருத்தியிருக்க வேண்டும். இல்லை சேர், எனக்கு முன்னமே தெரியும் என்று ஐந்தாறு சொல். பேராசிரியர் என்னிடம் வந்து தோளைத் தொட்டு, “பரவாயில்லை ஐயா, இவ்வளவு தூரம் வந்து சொன்னீங்களே, பெரிய மனசு,” என்றார். நான் தலையைக் குனிந்தேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்திருப்பார்.

அவளைச் சந்தேகப்பட்டதற்கு அவர் அன்றைக்கே மற்றவர்களுக்கு முன்னால் வருத்தம் தெரிவித்தார் என்று கேள்விப்பட்டேன். அது ஒன்றுதான் நான் போனதால் கிடைத்தது. கம்பெனிக்கு உண்மையை எழுதினாள். கம்பஸில் தவணையை நீட்டித் தந்தார்கள். வெளிநாட்டு ஆய்வுகூடம் காத்திருக்க முடியாது என்று எழுதிவிட்டது. அந்த இடத்துக்கு யாரோ போய்விட்டார்கள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. தங்கையும் சொல்லவில்லை, ஊரில் கேள்விப்பட்டேன். தங்கை கொஞ்சக் காலம் வேலியருகே வருவதைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அடுத்த கோடையில் திரளி பிடிக்க அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். நான் வலை வீசினேன், அவள் கரையில் குந்தியிருந்து வெட்டினாள்.

பேராசிரியர் கொழும்பில் தெரிந்த ஒருவரிடமிருந்து அதே மருந்தில் கொஞ்சம் கேட்டு ஒழுங்கு பண்ணியிருந்தார். அது தங்கை சொல்லித் தெரிந்தது. அந்தக் கிழமை நான் கொழும்புக்குப் போகிற முறை. அவளுக்குப் போன் எடுத்தேன். எடுப்பதற்கு முன் லொறிக்குள் நெடுநேரம் இருந்தேன்.

“பிள்ளை, நான் வியாழன் அங்க நிப்பன். வேணுமெண்டால்…”

“வேண்டாம் மாமா. நானே போறன்.”

குரலில் கோபம் இல்லை. கடைக்குப் போறன் என்கிற மாதிரிச் சொன்னாள். “பஸ்ஸில போய் பஸ்ஸில வாறன். உங்களுக்கேன் கரைச்சல்.”

அவள் பஸ்ஸில் போனாள். நான் அதே வீதியால் வெறும் லொறியோடு வந்தேன். அடுத்த நாள் காலையில் அவளுடைய தகப்பனின் நினைவுப் பூசை இருந்ததால் நேரே யாழ்ப்பாணம் போகாமல் பேசாலைக்கு வந்தாள். கையில் ஒரு பெட்டி. அவள் நின்ற இரண்டு நாளும் அது தங்கை வீட்டு பிரிட்ஜில் இருந்தது. எனக்கு பிரிட்ஜ் இல்லை. வெயிலில் வந்தால் வேலியால் போய்த் தங்கை வீட்டில் குளிர் தண்ணீர் எடுத்துக் குடிப்பது என் வழக்கம். தொடாதே என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் அந்தக் கதவின் பக்கம் நான் போகவில்லை.

பூசை முடிந்து வந்து எல்லோரும் இருந்தபோது, நான் பிரிட்ஜ் பக்கம் போகாததை அவள் கவனித்திருக்க வேண்டும். எழும்பிப் போய் ஒரு கிளாஸில் குளிர் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்து நீட்டினாள்.

“எடுத்துக் குடிக்கலாம் மாமா. அது மேல் தட்டில இருக்கு. ஒண்டும் ஆகாது.”

“இப்ப குளிர் எனக்கு ஒத்து வாறதில்லைப் பிள்ளை,” என்றேன்.

அதுவும் பொய்தான். அவள் அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவ உள்ளே போனாள்.